பாக்ஸில் போட்ட ஹெச்.பி. சக்கரத்துக்கு வருமா? வடசென்னை கார்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர், மணலி பக்கம் கார் வைத்திருக்கிற நண்பர்கள் பவர் ஏற்றுவது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பார்ட் விற்கிற ஆள் இல்லை, ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவது) செய்து கொடுக்கிற ஆளும் இல்லை. நம் பசங்க சம்பாதித்த காசை ஒன்றுக்கும் உதவாத பைப்பிலும் பெட்டியிலும் கொட்டுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளம்.

பார்ட் பாக்ஸில் "கூடுதல் 10 ஹெச்.பி." என்று அச்சடித்திருக்கிறதே அண்ணே, நம்பலாமா?

எந்த இன்ஜினில், எந்த ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்), எந்த டைனோவில் (பவர் அளக்கும் ரோலர் மெஷினில்), வேறு என்னென்ன மாற்றியபின் வந்த 10 என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இன்ஜின் பவர் என்பது சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதைப் பொறுத்தது. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆகவே ஒரு பார்ட் பவர் கொடுக்கிறது என்றால் ஒன்று அது கூடுதலாகக் காற்றை உள்ளே விட வேண்டும், அல்லது எரிந்த புகை வெளியே போவதைச் சுலபமாக்க வேண்டும், அல்லது போன காற்றை இன்னும் நன்றாகப் பயன்படுத்த வேண்டும், அதாவது பிளக் பொறி விடும் நேரத்தையும் (இக்னிஷன் டைமிங்) காற்று-பெட்ரோல் கலவையையும் திருத்த வேண்டும். இந்த மூன்றில் எதைச் செய்கிறது என்று விற்பவரால் சொல்ல முடியாத பார்ட்டை வாங்காதீர்கள்.

ஃபில்டருக்கு 5, ஹெட்டருக்கு (இன்ஜினிலிருந்து புகையை எடுத்து வரும் பைப்) 10, சைலன்சருக்கு 8, மொத்தம் 23 வரும்தானே?

வராது. நிறைய பேர் ஏமாறும் இடமே இந்தக் கூட்டல் கணக்குதான். காற்று போகும் வழியில் எங்கே அதிகம் நெருக்குகிறதோ அந்த இடம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. மூலக்கொத்தளம் பக்கம் டிராஃபிக் அடைத்துக் கிடக்கும்போது வியாசர்பாடியில் ரோட்டை அகலப்படுத்தினால் வண்டி சீக்கிரம் போய்விடுமா? அதே கதைதான். ஸ்டாக் காரில், அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் காரில், ஃபில்டர் பெரும்பாலும் நெருக்கும் இடமே இல்லை, அதை மாற்றினால் ஒன்றும் நடக்காது. நெருக்குவது சிலிண்டர் ஹெட்டும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டுமாக இருந்தால், வெளியே எத்தனை பைப் மாற்றினாலும் இரண்டு மூன்று ஹெச்.பி.யைத் தாண்டாது. இன்னொன்று, ஹெட்டரும் சைலன்சரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி எண்ணைப் போட்டுக் கூட்டினால் ஒரே லாபத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

ஹெச்.பி., பி.எஸ்., டார்க் எல்லாம் குழப்புகிறது.

ஒரு பி.எஸ். 735.5 வாட், ஒரு பி.ஹெச்.பி. (நாம் சொல்லும் ஹெச்.பி. இதுதான்) 745.7 வாட். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நம்மூர் கார் பிரோஷரில் பெரும்பாலும் பி.எஸ். தான் போடுகிறார்கள். டார்க் என்பது திருப்பும் விசை, அந்த விசை நிமிடத்துக்கு எத்தனை சுற்று வேலை செய்கிறது என்பதைச் சேர்த்தால் பவர். நியூட்டன் மீட்டரை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். பழைய ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள்: 6,000 ஆர்.பி.எம்.மில் 83 பி.எஸ்., அதாவது சுமார் 61 கிலோவாட். திருப்பிப் போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் டார்க் 97 நியூட்டன் மீட்டர்தான், பிரோஷரில் இருக்கும் 113 அல்ல, ஏனென்றால் அந்த 113 வருவது 4,200-ல். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் யாராவது கொடுக்கும் டைனோ ஷீட்டில் இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று நீங்களே சோதித்துவிடலாம். பொருந்தாத ஷீட்டும் ஊரில் சுற்றுகிறது.

ஏர் ஃபில்டர் மாற்றலாமா? கோல்டு ஏர் இன்டேக் நல்லதா?

பெட்டிக்குள்ளேயே போடும் ஃபில்டரில் ஒன்றிரண்டு ஹெச்.பி. வந்தால் அதிகம், அது டைனோவின் பிழை அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். சத்தம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கம் ஓட்டும் வண்டிக்கு எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி ரோட்டிலும் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் தினமும் போகிறவர்கள் கம்பெனி பேப்பர் ஃபில்டரை ஆறு மாதம் கழித்துக் கழற்றிப் பாருங்கள், மடிப்புக்குள் கறுப்பாக, மாவு மாதிரி மெல்லிய தூசி அப்பியிருக்கும். பேப்பர் பிடித்து வைக்கும் அந்த மெல்லிய தூசியில் ஒரு பங்கைக் காட்டன் உள்ளே விட்டுவிடும், அது பிஸ்டன் ரிங்கையும் டர்போ (புகையின் விசையில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) பிளேடையும் தின்னும். எண்ணெயை அதிகமாகத் தடவினால் ஏர் ஃப்ளோ சென்சரிலும் படியும். இரண்டு ஹெச்.பி.க்காக இவ்வளவும் வேண்டுமா என்று யோசியுங்கள்.

இன்ஜின் அறைக்குள் திறந்து வைக்கும் கூம்பு ஃபில்டர் இன்னும் மோசம், ரேடியேட்டர் சூட்டைத்தான் உறிஞ்சும். அதற்கு மாற்றாக பைப்பை பம்பருக்குக் கீழே இறக்கிப் போடும் கோல்டு ஏர் இன்டேக் உண்மையிலேயே குளிர்ந்த காற்றைக் கொடுக்கும், சரி, ஆனால் மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையையும் எம்.கே.பி. நகர் தெருக்களையும் நினைத்துப் பாருங்கள். ஃபில்டர் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருந்தால் முட்டிக்குக் கீழே நிற்கும் தண்ணீரே போதும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஒரு சிலிண்டரில் கொஞ்சம் தண்ணீர் ஏறினாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஜின் காலி. கம்பெனிக்காரன் இன்டேக் வாயை பானட் உயரத்தில் வைத்திருப்பது சும்மா இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதை விளக்க வேண்டியதே இல்லை.

சைலன்சர் மாற்றினால் பிக்கப் கூடுமா?

டர்போ இல்லாத சின்ன இன்ஜினில் கடைசிப் பகுதி சைலன்சரை மட்டும் மாற்றினால் சத்தம் கூடும், பவர் கூடாது. பைப்பை ரொம்பப் பெரிதாகப் போட்டால் கீழ் ஆர்.பி.எம்.மில் இருந்த இழுவையும் குறையும். தங்கசாலையில் ஊர்ந்து போகிறவனுக்கு அதுதான் முக்கியம். டர்போ வண்டியில் கதை வேறு. டர்போவுக்குப் பின்னால் உடனே வரும் டவுன்பைப் நெருக்கடியைக் குறைத்தால் டர்போ சீக்கிரம் சுழலும், ரீமேப்போடு சேர்த்தால் நிஜமாகவே பலன் உண்டு. ஆனால் அதற்காக, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கிவிடுகிறார்கள், அது சட்டப்படி தப்பு, நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் கேடு. மணலி, எண்ணூர்க்காரர்களுக்குக் காற்று கெட்டால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நம் தெருவில் நாமே அதைச் செய்யக் கூடாது.

என்னுடையது டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி. ரீமேப் செய்தால் எவ்வளவு வரும்?

நல்ல ரீமேப் என்றால் 3 முதல் 7 சதவீதம். 83 பி.எஸ். வண்டியில் நான்கைந்து பி.எஸ். ஆக்ஸிலரேட்டர் மேப்பையும் மாற்றிவிடுவார்கள் என்பதால் வண்டி பாய்வது மாதிரித் தோன்றும், அது பவர் இல்லை, பெடலைப் பாதி மிதித்தாலே முக்கால்வாசி திறக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காசுக்கு நல்ல டயர், நல்ல பிரேக் பேட், புது ஷாக் அப்சார்பர் போடுங்கள். ஓட்டும் சந்தோஷம் அதில்தான் கூடும்.

டர்போ பெட்ரோல்?

இங்கேதான் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. டர்போ இன்ஜினில் எவ்வளவு காற்றைத் திணிக்க வேண்டும் என்று முடிவு செய்வதே சாஃப்ட்வேர்தான். கம்பெனி நிறைய இடம் விட்டு வைத்திருக்கும், ஏனென்றால் அந்த வண்டி ராஜஸ்தான் வெயிலிலும் ஓட வேண்டும், மட்டமான பெட்ரோலிலும் ஓட வேண்டும், சர்வீஸே பார்க்காதவன் கையிலும் ஓட வேண்டும். ஒரே 1.0 பூஸ்டர்ஜெட் இன்ஜின், இங்கே பலேனோ ஆர்.எஸ்.ஸில் 102 பி.எஸ்., ஐரோப்பாவில் 111. ஃபோக்ஸ்வேகனின் 1.0 டி.எஸ்.ஐ. போலோவில் 110, பின்னால் வந்த டைகுனில் 115. எந்தப் பார்ட்டும் மாற்றாமல் ஸ்டேஜ் 1 ரீமேப் மட்டும் செய்தால் 15 முதல் 25 சதவீதம் வரை எதிர்பார்க்கலாம். டார்க் அதைவிடக் கூடுதலாக ஏறும், ஓட்டும்போது உணர்வதும் அதைத்தான்.

ஆனால் பொதுவான ஃபைலை இறக்கி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடும் ஆளிடம் போகாதீர்கள். உங்கள் வண்டி ஓடும்போது சென்சர் அளவுகளைப் பதிவு செய்து லாக் எடுக்க வேண்டும்: பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) எவ்வளவு, உள்ளே வரும் காற்றின் சூடு எவ்வளவு, நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) வந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எத்தனை டிகிரி பின்னால் போகிறது. நாக் சென்சர் டைமிங்கை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றால் அந்த ரீமேப் உங்களுக்குப் பவர் கொடுக்கவில்லை, பிஸ்டனுக்கு அடி கொடுக்கிறது.

டீசல் வண்டியில் 30 சதவீதம் வரும் என்கிறார்களே?

டர்போ டீசலில் 20 முதல் 30 சதவீதம் சாத்தியம்தான். அதற்கு நம் எல்லாருக்கும் தெரிந்த சாட்சி இருக்கிறது, அந்த 1248 சி.சி. ஃபியட் மல்டிஜெட். ஸ்விஃப்ட்டில் 75 பி.எஸ்., 190 நியூட்டன் மீட்டர். அதே இன்ஜின் எஸ்.எக்ஸ்.4-லும் எர்டிகாவிலும் 90 பி.எஸ்., 200 நியூட்டன் மீட்டர். முக்கிய வித்தியாசம், 90-ல் இருப்பது பிளேடு கோணம் மாறும் டர்போ. கம்பெனியே செய்த 20 சதவீத ஏற்றம் அது, வாரன்டியோடு. இந்த 90-ஐத் தாண்டிப் போக நினைப்பவர் அதன் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்: டீசலை அளவுக்கு மேல் ஊற்றினால் கறுப்புப் புகை, புகை வருகிறது என்றால் டீசல் எரியாமல் வீணாகிறது, எக்ஸாஸ்ட் சூடு ஏறுகிறது, டர்போ சீக்கிரம் போகிறது. புகை தள்ளுவதைப் பெருமையாக நினைக்கிற சில பேர் இருக்கிறார்கள். அது மோசமான டியூனிங்கின் அடையாளம். பிஎஸ்6 டீசல் என்றால் டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) வேறு இருக்கிறது, அந்தப் புகையெல்லாம் அதில் போய் அடைக்கும். அதைக் கழற்றச் சொல்பவரிடமிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சென்சர் வயருக்கு நடுவில் மாட்டும் பிக்கிபேக் பாக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். டீசலில் அது, டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சரை ஏமாற்றுகிறது: பிரஷர் குறைவு என்று பொய் சொன்னால் இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கூட்டிக் கொடுக்கும். பவர் வரும், கழற்றுவதும் சுலபம். ஆனால் உண்மையான பிரஷர் எவ்வளவு என்பது இசியூவுக்கே தெரியாமல் போகிறது, பாதுகாப்பு எல்லையை அதனால் காப்பாற்ற முடியாது. நான் ஒழுங்கான ரீமேப்பின் பக்கம்தான்.

ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகும் சிப், பெட்ரோல் பைப்பில் கட்டும் காந்தம், எர்த்திங் வயர் கிட், இரிடியம் பிளக்?

சிப்பைப் பிரித்துப் பார்த்தால் பல்பு மினுக்கும் சர்க்யூட் மட்டும்தான். காந்தம் பூஜ்யம். எர்த்திங் வயர், பழையது துருப்பிடித்திருந்தால் மட்டும் உதவும். இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், பவர் தராது. ஆக்ஸிலரேட்டர் பெடல் பாக்ஸும் பவரில் பூஜ்யம்.

ஷோரூமில் எடுத்தபோது இருந்த இழுவை இப்போது இல்லை. ரீமேப் செய்தால் திரும்புமா?

முதலில் போனதைத் திரும்ப எடுங்கள். அடைத்த ஃபில்டர், தேய்ந்த பிளக், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் கேலிப்பர், காற்று குறைந்த டயர், டீசலில் இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) வழியாக இன்டேக் மேனிஃபோல்டில் படிந்த கரி, இவை சேர்ந்தே பல ஹெச்.பி.யைத் தின்றுவிடும். டர்போ வண்டியில் ரொம்பச் சாதாரணமாக வருவது இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர வைக்கும் ரேடியேட்டர்) ஹோஸ் லீக். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப் இருக்கும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் ஈரம் ஒரு வளையமாகக் கசிந்து, அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்புப் பசையாக இருந்தால், கையால் ஹோஸை வளைத்து மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நின்றபடி ரேஸ் கொடுத்தால் தெரியாது, லோடு ஏறும்போதுதான் வெடிப்பு விரியும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் "ஸ்ஸ்" என்று சத்தம் வரும், வண்டி இழுக்காது. ஹோஸை மாற்றினால் போனது அப்படியே திரும்பிவிடும். அந்த லீக்கோடு ரீமேப் செய்தால் பூஸ்ட்டை எட்டிப் பிடிக்க டர்போ ஓவர் ஸ்பீடில் சுற்றும், கடைசியில் டர்போவே போகும்.

நம்ம வெயிலில் பவர் குறையுமா?

குறையும், கணக்கே இருக்கிறது. டைனோ அளவுக்கு வைத்திருக்கும் நிலை 25 டிகிரி. 38 டிகிரி மதியத்தில் காற்றின் அடர்த்தி அதைவிட 4 சதவீதம் குறைவு. கடலோர ஊர் என்பதால் ஈரப்பதம் வேறு, புழுங்கும் நாளில் நீராவியே காற்றில் சுமார் 3 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த இடத்தில் ஆக்ஸிஜன் இல்லை. காசிமேட்டுப் பக்கம் மே மாத மதியத்தில் உங்கள் வண்டி மந்தமாக இருக்கிறது என்றால் அது பிரமை இல்லை. டர்போ வண்டி பூஸ்ட்டைக் கூட்டி இதில் ஒரு பங்கைச் சமாளிக்கும், ஆனால் கன்டெய்னர் லாரி வரிசையில் அரை மணி நேரம் நின்றால் இன்டர்கூலரே சூடாகிவிடும், அப்புறம் அதன் வழியாகப் போகும் காற்று ஆறாது, இசியூ டைமிங்கைப் பின்னால் இழுத்துவிடும். அதனால் நம் ஊரில் ஒரே ஒரு பார்ட் வாங்க வேண்டும் என்றால் நான் சொல்வது, ரீமேப் செய்த டர்போ வண்டிக்குக் கொஞ்சம் பெரிய இன்டர்கூலர். டைனோவில் முதல் ஓட்டத்தில் எண் பெரிதாக ஏறாது. நான்காவது, ஐந்தாவது ஓட்டத்திலும் அதே எண் நிற்கும், அதற்குத்தான் காசு.

எந்தப் பெட்ரோல் போடுவது? கூடுதல் ஆக்டேனுக்குப் பலன் உண்டா?

ஸ்டாக் வண்டிக்குச் சாதாரண பெட்ரோலே போதும். ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் அளவு, சக்தி அளவு இல்லை. ரீமேப் எந்த ஆக்டேனுக்கு என்று எழுதியிருக்கிறதோ எப்போதும் அதுதான், பங்கில் இல்லை என்று அதைவிடக் குறைந்ததைப் போட்டால் அன்றைக்கு மெதுவாக ஓட்டுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம், இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு 9 பங்கு காற்று போதும், பெட்ரோலுக்கு 14.7, ஆகவே பழைய ஃபைல் அதே அளவு ஊற்றினால் முழு ஆக்ஸிலரேட்டரில் கலவை லீன் ஆகும், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. சில வருடம் முன்பு ரீமேப் செய்தவர்கள் ஒரு தடவை லாக் எடுத்துப் பாருங்கள்.

டைனோவில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

முன்னும் பின்னும், அதே நாள், அதே டைனோ, அதே கியர், அதே டயர் பிரஷர். இதைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். வண்டியை ரோலரில் ஏற்றிப் பட்டையால் கட்டியபின் டயரில் காற்றைப் பாருங்கள், முன்னால் ஃபேன் ஓடுகிறதா பாருங்கள், ஆயில் சூடு ஏறும்வரை பொறுங்கள். நான்காவது கியரில் குறைந்தது மூன்று ஓட்டம். மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டி வர வேண்டும். அவற்றுக்குள்ளேயே 4 ஹெச்.பி. வித்தியாசம் வந்தால் அந்த டைனோவில் "3 ஹெச்.பி. லாபம்" என்று எதையும் நிரூபிக்க முடியாது.

ஷீட்டில் இரண்டு விஷயம் கேளுங்கள். சக்கரத்தில் அளந்ததா, இன்ஜினுக்கு மாற்றிக் கணக்குப் போட்டதா? 115 பி.எஸ். வண்டி சக்கரத்தில் 97, 100 காட்டுவது சாதாரணம், மீதி கியர்பாக்ஸிலும் டயரிலும் போகிறது. ரீமேப்புக்குப் பின் சக்கரத்தில் 118 வந்தால், அதை 20 சதவீதம் ஏற்றி 142 என்று எழுதி, பிரோஷரின் 115-ஓடு ஒப்பிட்டு 27 லாபம் என்று காட்டுவார்கள். சக்கரத்தோடு சக்கரத்தை ஒப்பிட்டால் 20 பக்கம்தான் வரும். அடுத்தது வெப்பத் திருத்தம்: அறைச் சூட்டை மென்பொருளில் தப்பாகக் கொடுத்தால் எண் தானாக ஏறும். திருத்தாத எண்ணையும் அச்சடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், நல்ல டியூனர் தயங்காமல் கொடுப்பார்.

கிளட்ச், கியர்பாக்ஸ் தாங்குமா?

டார்க்தான் அவற்றை உடைக்கும், பவர் அல்ல. மேனுவலில் ஐந்தாவது கியரில் 2,000-லிருந்து முழுசாக மிதிக்கும்போது ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் டிரை கிளட்ச் ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எல்லை 250 நியூட்டன் மீட்டர். ஸ்டாக் 175 இருக்கும் வண்டியை 220, 230 வரை ஏற்றலாம், எல்லையை உரசும் அளவுக்கு ஏற்றித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், அதுவும் நம் டிராஃபிக்கில்.

போலீஸ், ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை எல்லையை மீறினால் 190-வது பிரிவில் முதல் தடவையே 10,000 வரை. இன்சூரன்ஸில் மாற்றத்தைத் தெரிவிக்காமல் இருந்து விபத்து நடந்தால் கிளெய்மை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். அதனால் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஏற்றிய பவரை எங்கே ஓட்டிப் பார்ப்பது?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வேண்டாம், எத்தனை மணியானாலும். அங்கே லைட் இல்லாத டிரெய்லர் ஓரத்தில் நிற்கும். ஒரு காலத்தில் பந்தயமே நம் வடக்குப் பக்கம்தான் நடந்தது, சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தபின் எல்லாம் அங்கே போய்விட்டது. தூரம்தான், ஆனால் டிராக் டே நாளில் போய் ஓட்டுங்கள், ஹெல்மெட்டோடு, பிரேக் ஃப்ளூயிட் புதிதாக மாற்றிக்கொண்டு.

ரீமேப்பை சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் ஸ்டாக்குக்குத் திருப்பிவிட்டால் தெரியாதுதானே?

பல இசியூக்களில் எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற கணக்கு உள்ளேயே பதிவாகும், திருப்பி எழுதினால் அந்தக் கணக்கு இன்னொன்று கூடும். வாரன்டி முக்கியம் என்றால் அது முடியும்வரை காத்திருங்கள். அவசரம் என்றால் வாரன்டி போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு, ஒரு டர்போவோ கிளட்சோ மாற்றும் காசைத் தனியாக எடுத்து வைத்தபின் இறங்குங்கள். ஒரிஜினல் ஃபைலின் காப்பியைப் பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டியூனர் கடையை மூடிவிட்டால் அதை வேறு யாரும் உங்களுக்குத் தரப்போவதில்லை.